பழைய காரின் மீட்டர் பலகை

மோட்டார் வண்டியில் ஏறி அமர்ந்ததும் நம் கண்ணுக்கு நேரே நிற்பது மீட்டர் பலகை. வேகம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, எஞ்சினின் சூடு எவ்வளவு, எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு என்று நாம் கேளாமலே அது சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தப் பலகை பொருத்தப்பட்டிருக்கும் முன்பகுதிக்கு டாஷ்போர்டு என்று பெயர். அந்தச் சொல் மோட்டாருக்கு முந்தியது. குதிரை வண்டிக் காலத்தில், குளம்புகள் வாரியிறைக்கும் சேறு வண்டியில் இருப்பவர்மேல் தெறிக்காதபடி முன்புறம் ஒரு பலகையையோ தோலையோ தடுப்பாக நிறுத்தினார்கள். குதிரை போய் எஞ்சின் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. சேற்றைத் தடுக்க வந்த பலகை, செய்தி சொல்லும் பலகையாயிற்று.

இந்த மீட்டர் பலகையைப் பழைய கார்களிலிருந்து எப்படிக் கழற்றுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது தொழிலாளி ஒருவர் அரைமணி நேரத்தில் முடிக்கும் வேலை அல்லவா, இதற்கு ஒரு பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் கார் 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மும்பையின் குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்றது. அந்நகரின் சாலைகளில் ஓடிய கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் விடைபெற்றது. சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்று அரிதினும் அரிது. இந்த வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெற்றுவருகிறார்கள். அவர்களுடைய அறிவில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை, கையில்தான் இருந்தது.

ஊரை விட்டு வந்து வேறு மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தந்தையோ பாட்டனாரோ வாங்கிய பழைய வண்டியை விற்க மனமின்றிக் காப்பவர்கள் உண்டு. அத்தகைய வண்டியின் பலகையை இன்று கழற்றப்போகிறவர், அந்த வண்டி பிறந்தபோது பிறந்திராத ஓர் இளைஞராக இருக்கலாம். அல்லது நீங்களாகவே இருக்கலாம். எவராயினும், பலகையின் பின்புறத்தைத் தெரிந்துகொள்ளாமல் முன்புறத்துத் திருகாணிகளில் கை வைப்பது கேடாகும்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி, பலகையைக் கழற்றத்தான் வேண்டுமா என்பது. முள் அசையவில்லை என்றால் மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் மறுமுனையில் இருக்கும். பெட்ரோல் மீட்டர் செயலற்றுக் கிடந்தால், தொட்டிக்குள் மிதவையோடு இணைந்த கருவி கெட்டிருக்கலாம். அல்லது அதற்குச் செல்லும் கம்பி துருப்பிடித்திருக்கலாம். வேகம் காட்டும் முள் விழுந்துவிட்டால், கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் நடுவழியில் அறுந்திருக்கலாம். ஆகையால் மறுமுனைகளைச் சோதித்து, குற்றம் மீட்டரில்தான் என்று உறுதியான பிறகே பலகையைத் தொடவேண்டும். பழைய வண்டிகளில், தேவையின்றிக் கழற்றுவதனால் விளையும் சேதம் சிறிதன்று.

இனிப் பலகையின் பின்புறத்துக்குச் செல்வோம். 1950-களிலும் 1960-களிலும் வந்த வண்டிகளில், குறிப்பாக ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மீட்டர்களைக் கொண்ட பிரிட்டிஷ் மரபு வண்டிகளில், மூன்று வகைத் தூதர்கள் எஞ்சினிலிருந்து பலகைக்கு வருகிறார்கள். ஒருவன் சுழன்று வருகிறான். அவன் வேகமானியின் கேபிள். இன்னொருவன் குழாய்க்குள் வருகிறான்; அவன் எண்ணெய் அழுத்தத்தையும் சூட்டையும் தெரிவிப்பவன். மூன்றாமவன் மின்சாரம். எல்லா வண்டிகளிலும் மூவரும் இருப்பதில்லை. வகைக்கு வகை அமைப்பு மாறும். ஆயினும் உங்கள் வண்டியில் எவரெவர் இருக்கிறார்கள் என்பதை, ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு பலகையின் கீழே தலையை நுழைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனெனில் இம்மூவரையும் பிரிக்கும் முறை வெவ்வேறு.

வேலையின் முதற்படி பாட்டரியைப் பிரிப்பது. சாவியைத் திருப்பி நிறுத்தினால் போதாதா என்றால், போதாது. ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டிகளில், பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பி பியூஸ் எதுவும் இல்லாமல் நேரே அந்த மீட்டருக்கு வருகிறது. வண்டி நின்றிருக்கும்போதும், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கும்போதும், அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கும். அதன் நுனி தகட்டில் பட்டால் தீப்பொறி பறக்கும்; கம்பி பழுத்து அதன் உறை எரியும்; பக்கத்துக் கம்பிகளும் உடன் எரியும். பழைய வண்டிகள் தீக்கிரையாவதற்கு இது ஒரு வழி. பாட்டரியைப் பிரிக்கும்போது, வண்டியின் உடலோடு இணைந்த முனையையே முதலில் கழற்றவேண்டும். அப்போது ஸ்பானர் தவறித் தகட்டைத் தொட்டாலும் தீங்கில்லை. அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் உடலோடு இணைந்தது நேர்முனை. இன்றைய வண்டிகளில் எதிர்முனை. இன்றைய வழக்கத்தை நினைத்துப் பழைய வண்டியில் கை வைக்காமல், எந்த முனையின் கம்பி உடலுக்குச் செல்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி எழுதுவது. எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்பதைக் கழற்றுமுன் தாளில் வரைந்து, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சீட்டுக் கட்டவேண்டும். இன்று கைபேசியில் படமெடுப்பது எளிது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படத்தில் பின்னால் மறைந்திருக்கும் கம்பி தெரியாது. சீட்டு பொய் சொல்லாது. பிரிட்டிஷ் மரபு வண்டிகளில் கம்பிகளின் நிறத்துக்குப் பொருளுண்டு. பழுப்பு நிறம் எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை, சாவியைத் திருப்பியதும் உயிர்பெறுவது. பச்சை, அதே மின்சாரம் பியூஸ் வழியாக வந்தது. நீலம் முகப்பு விளக்குகளுக்கு. சிவப்பு பக்க விளக்குகளுக்கும் பலகை விளக்குகளுக்கும். கறுப்பு உடலுக்குத் திரும்புவது. ஆயினும் 60 ஆண்டுகளில் எத்தனையோ கைகள் அந்த வண்டியில் வேலை செய்திருக்கும். கிடைத்த நிறத்தில் கிடைத்த கம்பியை ஒட்டுப்போட்டிருப்பார்கள். இத்தாலிய மரபில் வந்த பியட் வண்டிகளின் நிறமுறையோ வேறு. ஆகையால் நிறத்தை நம்பிச் சீட்டை விடவேண்டாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறத் தோன்றுகிறது. வட இந்தியப் பட்டறைகளில் உடலோடு சேரும் கம்பியை ‘அர்த்’ என்பார்கள். எர்த் என்ற ஆங்கிலச் சொல்லின் பட்டறை வடிவம் அது. இந்தியில் ‘அர்த்’ என்றால் பொருள் என்றும் பொருள். தற்செயலாக அமைந்த இந்த ஒற்றுமை பொருத்தமாகவே இருக்கிறது. அந்தக் கம்பி இல்லையேல் மீட்டர் சொல்லுவது எதற்கும் பொருளில்லை. பட்டறையில் எல்லாக் கருவிகளையும் ‘மீட்டர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதும் வழக்கம். ஆகவே வேலையை ஒப்படைக்கும்போது, மீட்டரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லாமல், எந்த மீட்டர், என்ன குறை என்று விரித்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் படியில்தான் பலகையைத் தளர்த்துகிறோம். சில வண்டிகளில் முன்புறத்துத் திருகாணிகள் பலகையைப் பிடித்திருக்கும். வேறு சிலவற்றில் ஒவ்வொரு மீட்டரும் தனித்தனியாகப் பின்புறத்தில் வளைந்த பட்டையொன்றாலும் கையால் திருகும் மரைகளாலும் பிடிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் பலகை வரவில்லை என்றால், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகாணி இன்னும் இருக்கிறது என்று பொருள். அப்போது திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பலாகாது. பல ஆண்டு வெயில் தின்ற பிளாஸ்டிக் அப்பளம்போல் உடையும். தில்லியின் தை மாதக் காலைக் குளிரில் அது இன்னும் எளிதாக உடையும். ஆகவே வெயில் ஏறியபின் வேலையைத் தொடங்குவது நல்லது. ஸ்டியரிங் தண்டின்மேல் ஒரு தடித்த துணியைப் போர்த்திவிட்டு, பலகையை நான்கு விரற்கடை அளவுக்கு மட்டும் முன்னே இழுங்கள். அதற்குமேல் இழுக்கத் தூதர்கள் விடமாட்டார்கள்.

முதலில் வேகமானியின் கேபிளைப் பார்ப்போம். ஓர் உறைக்குள் முறுக்குக் கம்பி ஒன்று கியர் பெட்டியிலிருந்து சுழன்று வந்து, மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. காந்தம் அதைத் தொடுவதே இல்லை. ஆயினும் சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தை எழுப்பி, அதைத் தன்னோடு இழுக்கிறது. மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதைத் திரும்ப இழுக்கிறது. இவ்விரண்டு இழுப்புகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஆட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை இது. கேபிளின் தலையிலுள்ள வரிவெட்டிய மரையைக் கையால் திருகினாலே கழன்றுவிடும், குறடு தேவையில்லை. கழற்றிய கேபிளைக் கூர்மையாக மடக்கக்கூடாது. திரும்பப் பூட்டும்போது, கீழ்ப்பகுதிக்கு மெல்லியதாகக் கிரீஸ் இட்டு, மேல்நுனியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டரைத் துடைத்து விடுங்கள். மேலே கிரீஸ் இருந்தால் சுழற்சியில் அது ஏறி, மீட்டருக்குள் புகுந்து அதைக் கெடுக்கும்.

அடுத்தவை குழாய்கள். எண்ணெய் அழுத்தமானிக்கு எஞ்சினின் எண்ணெயே ஒரு மெல்லிய குழாய் வழியாக நேரே வந்து சேர்கிறது. மீட்டருக்குள் வளைந்த தட்டையான குழல் ஒன்று உண்டு. அழுத்தம் ஏறினால் அது சற்று நிமிரும். அந்த நிமிர்வே முள்ளை நகர்த்துகிறது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த யூஜின் போர்டன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. எஞ்சின் நின்றிருக்கும்போது இந்தக் குழாயைக் கழற்றலாம். சில துளி எண்ணெய் சிந்தும், அடியில் துணி போட்டால் போதும். இணைப்புக்குள் இருக்கும் சிறிய தோல் வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் பூட்டினால், எஞ்சினின் எண்ணெய் உங்கள் காலடியில் ஒழுகும். செம்புக் குழாயில் இடையே வளையமாகச் சுற்றியிருந்தால் அதை நிமிர்த்தவேண்டாம். எஞ்சினின் அதிர்வைத் தாங்கிக்கொள்வதற்காகவே அப்படிச் சுற்றியிருக்கிறார்கள்.

சூட்டுமானியின் குழாய் முற்றிலும் வேறானது. அதைக் கழற்றவே முடியாது. மீட்டரும், நூல் போன்ற குழாயும், அதன் மறுமுனையில் எஞ்சினில் செருகப்பட்ட குமிழும் ஒரே பொருள். உள்ளே ஈதர் என்னும் எளிதில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டு நிரந்தரமாக மூடப்பட்டது. எஞ்சின் சூடேறினால் குமிழில் ஆவியின் அழுத்தம் ஏறி, முள் நகர்கிறது. ஆகவே மீட்டரை எடுக்க வேண்டுமானால் குமிழையும் எடுக்கவேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, ரேடியேட்டர் நீரைக் குமிழின் மட்டத்துக்குக் கீழே வடித்து, குமிழைப் பிடித்திருக்கும் மரையைக் கழற்றி, குழாய் முறுகாமல் மெல்ல வெளியே எடுத்து, தடுப்புச் சுவரின் துளை வழியாக உள்ளே இழுத்து, அகன்ற வளையமாகச் சுற்றி மீட்டரோடு கட்டி வைக்கவேண்டும்.

நண்பர் ஒருவரின் வீட்டில், அவருடைய தகப்பனார் ஆண்டுக்கணக்காகத் துடைத்துக் காத்த ஓர் இங்கிலாந்து வண்டி இருக்கிறது. அதன் பலகையைக் கழற்ற வந்த இளைஞர், எல்லாக் கம்பிகளையும் ஒழுங்காகப் பிரித்தார். கடைசியில் ஒரு மெல்லிய ‘கம்பி’ மட்டும் வரவில்லை. பிறகு ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம் என்று குறடால் அதை நறுக்கினார். சற்றே மணம் வந்தது, அவ்வளவுதான். ஈதர் போய்விட்டது, முள் இனி அசையாது. இளைஞர் சோம்பேறியுமல்லர், பொல்லாதவருமல்லர். அது கம்பியன்று, குழாய் என்று அவருக்குச் சொல்ல ஒருவருமில்லை. தில்லி காஷ்மீர் கேட், கொல்கத்தா மல்லிக் பஜார், சென்னைப் புதுப்பேட்டை என்று நண்பர் அலைந்தார். அதே மீட்டர் கிடைக்கவில்லை. அந்த முள் இன்றும் குளிர்ந்த எஞ்சினையே காட்டிக்கொண்டு நிற்கிறது. எஞ்சின் கொதிக்கும் நாளில் அந்தப் பொய்க்கு விலை பெரிதாக இருக்கும் என்பதனால், அவர் வேறொரு மின் மீட்டரை இருக்கைக்கடியில் பூட்டி வைத்திருக்கிறார்.

மூன்றாம் தூதனான மின்சாரத்தைப் பற்றி இரண்டொரு சொல். விளக்குகளை எடுக்கும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல், விளக்கின் கூட்டைப் பிடித்து இழுக்கவேண்டும். 1960-களில் வந்த பல வண்டிகளில், மீட்டர்களுக்குச் செல்லும் மின்சாரத்தைச் சராசரியாக 10 வோல்ட்டில் நிறுத்தி வைக்கும் சிறு பெட்டி ஒன்று பலகையின் பின்னால் இருக்கும். அதைத் தேவையற்றதென்று எண்ணி விலக்கி, 12 வோல்ட்டை நேரே கொடுத்தால், மீட்டர்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், நாளடைவில் கெடும். மற்றொன்று: பல வண்டிகளில் மீட்டரின் உலோக உடல் பலகையின் வழியாகவே வண்டியின் உடலைச் சேர்கிறது. பலகையைக் கையில் ஏந்திக்கொண்டு சோதித்தால், அந்த ‘அர்த்’ அறுந்திருப்பதனால் நல்ல மீட்டரும் கெட்டதாகத் தோன்றும். சோதிக்குமுன் ஒரு தனிக் கம்பியால் அதை உடலோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த பலகையைக் கண்டதும் மீட்டரின் கண்ணாடியைத் திறந்து துடைக்கும் ஆசை எழுவது இயல்பு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகள் முதலிய மிகப் பழைய வண்டிகளில் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளவேண்டும். இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டிருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே என்று நினைக்கலாம். ஒளிரும் பொருள்தான் களைத்துவிட்டது, ரேடியம் களைக்கவில்லை. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். அந்தப் பூச்சு உதிர்ந்த தூசியைச் சுவாசிப்பது உடலுக்குத் தீங்கு. சுரண்டுவதும் ஊதுவதும் கூடாது. கண்ணாடியை மூடியபடியே விட்டுவிடுங்கள்.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களையும் அப்படியே விடவேண்டும். கழற்றும் நாளில் அந்த எண்ணை நோட்டில் எழுதி, தேதியிட்டு வையுங்கள். வேறு மீட்டரை மாற்ற நேர்ந்தால், பழைய மீட்டர் எத்தனையில் நின்றது, புதியது எத்தனையில் தொடங்கியது என்பதை எழுதுங்கள். பழைய வண்டிக்கு அதுவே சாதகக் குறிப்பு. அதைத் திருத்துவது அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

பூட்டும்போது, கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். பாட்டரியின் உடல் முனை கடைசியில். எஞ்சினை ஓட்டியதும் முதலில் பார்க்கவேண்டியது எண்ணெய் அழுத்தமும் அதன் இணைப்பில் கசிவும். பிறகே வேகமானி. முள் நடுங்கினால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது என்று பொருள்.

இத்தனை கவனம் எதற்கு என்றால், சட்டமும் இப்போது பழைமைக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, தன் மூல வடிவத்தில் காக்கப்படும் கார்களையும் இருசக்கர வண்டிகளையும் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். அவற்றின் எண் பலகையில் ‘வி ஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அவற்றைப் பயன்படுத்த முடியாது. பழைய வண்டிகளைப் பற்றிய மற்ற விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதனால், உங்கள் ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. பலகையை உடைத்துவிட்டுப் புதுமாதிரி மின்னணு மீட்டர் ஒன்றைப் பொருத்துவது எளிதுதான். ஆனால் மூல வடிவம் என்று மதிப்பவர்கள், கண்ணெதிரே நிற்கும் மீட்டர் பலகையையே முதலில் பார்ப்பார்கள்.

நேயர்களே, வேலை முடிந்ததும் நீங்கள் எழுதிய தாளையும் வரைந்த படத்தையும் எறிந்துவிடாதீர்கள். உறையிலிட்டு வண்டியின் முன்பெட்டியிலேயே வையுங்கள். எந்தக் குழாயை நறுக்கக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதியதோடு, நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் எழுதுங்கள்; ஏனெனில் அடுத்த முறை அந்தப் பலகையின் கீழே தலையை நுழைக்கப்போகிறவர் தமிழறியாத ஒருவராக இருக்கலாம். கையில் இருந்த அறிவு கையோடு போய்விடாமல் தாளில் நிற்க, அந்த ஓர் உறை போதும்.